பண்டைக் கிரேக்கரின் இல்லமும் இல்லத்தரசியும்

கிரேக்க நாகரிகம் என்றவுடன் நம் மனக்கண்முன் எழுவன ஏதென்ஸ் நகரத்துப் பார்த்தெனன் கோயிலும், சோக்கிரட்டீஸ் இளைஞரோடு உரையாடித் திரிந்த சந்தை வெளியும், குடிமக்கள் ஒன்றுகூடிப் போரையும் சமாதானத்தையும் முடிவு செய்த பினிக்ஸ் குன்றுமே ஆகும். கி.மு. 508ஆம் ஆண்டையடுத்துக் கிளைஸ்தனிஸ் என்பான் வகுத்த சீர்திருத்தங்களால் குடியாட்சி அங்கே வேரூன்றியது. பின்னர் பெரிக்கிளிஸ் காலத்தில் அது தழைத்து ஓங்கியது. உலக சரித்திரம் கற்கும் மாணாக்கர் யாவரும் இதனை அறிவர்.

ஆயினும் ஒரு கேள்வியை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. கி.மு. நாலாம் நூற்றாண்டிலே ஏதென்ஸின் மக்கள் அவை ஆண்டொன்றுக்கு 40 முறை கூடியது. அதற்குச் சென்றவன், நீதிமன்றத்திலே நடுவருள் ஒருவனாக அமர்ந்தவன், கேடயமும் ஈட்டியும் ஏந்திப் போருக்குப் போனவன், நாடக அரங்கிலே நாள் முழுவதும் வீற்றிருந்தவன் ஆகிய அக்குடிமகன் உடுத்த ஆடையை நெய்தவர் யார்? அவன் உண்ட தானியத்தை அரைத்தவர் யார்? அவன் குழந்தையைப் பேணியவர் யார்? விடை அவன் வீட்டுக் கதவுக்குப் பின்னே இருக்கிறது. அக்கதவைச் சற்றே திறந்து பார்ப்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

கிரேக்கர் வீட்டை 'ஒய்க்கோஸ்' என்றனர். நம் தமிழிலே 'குடி' என்னும் சொல் வீட்டையும், அதில் வாழ்வாரையும், அவர்தம் மரபையும் ஒருங்கே குறிப்பது போல, ஒய்க்கோஸ் என்பதும் கட்டடத்தை மட்டுமன்றிக் கணவன், மனைவி, மக்கள், அடிமைகள், நிலம், கால்நடை, குலதெய்வ வழிபாடு, முன்னோர் கல்லறை யாவற்றையும் அடக்கி நின்றது. வீட்டை முறைப்படி நடத்தும் கலைக்கு 'ஒய்க்கொனொமியா' என்று பெயர். இன்று மேலைநாட்டு மொழிகளிலே பொருளாதாரத்தைக் குறிக்கும் சொல் இதனின்று பிறந்ததே. நாட்டின் பொருளியலுக்குப் பெயர் தந்தது ஒரு வீட்டின் களஞ்சியம் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

ஏதென்ஸிலே ஒரு குழந்தை பிறந்தால், ஆணாயின் வாயிலில் ஒலிவ மாலையையும் பெண்ணாயின் கம்பளி நூலையும் தொங்கவிடுவர். பிறந்த வீட்டுக் கதவிலேயே இருவர் வாழ்க்கையும் பிரித்து எழுதப்பட்டு விட்டது எனலாம். ஒலிவ மாலை வெற்றி பெற்றோர்க்கு உரியது. கம்பளி நூல் தறிக்கு உரியது. சில நாட்கள் கழிந்தபின் குழந்தையை ஏந்திக்கொண்டு வீட்டின் அடுப்பைச் சுற்றி வருவர். அடுப்பு எஸ்தியா என்னும் தெய்வத்தின் இருப்பிடம். தந்தை ஏற்றுக்கொண்ட பின்னரே குழந்தை அக்குடியைச் சேர்ந்ததாகும். ஏற்க மறுக்கும் உரிமையும் அவனுக்கு இருந்தது.

ஆண் பிள்ளை ஏழு வயதளவிலே ஓர் அடிமையின் துணையோடு பள்ளி சென்றான். எழுத்து, இசை, உடற்பயிற்சி மூன்றும் அவன் கற்றவை. 18 வயதானதும் ஊரார் அவனைச் சோதித்துக் குடிமகனாகப் பதிவு செய்தனர். பெண் பிள்ளையோ தாயிடமும் பாட்டியிடமும் வீட்டுத் தொழில் பயின்றாள். அவள் பெயரை எழுதுதற்கு அத்தகைய பதிவேடு எதுவும் இருக்கவில்லை.

பெண்ணுக்கு 14, 15 வயதிலே மணம் நிகழும். மாப்பிள்ளைக்கு 30 வயதளவாகும். மணவுறுதி என்பது பெண்ணின் தந்தையும் மாப்பிள்ளையும் சாட்சிகள் முன்னிலையில் செய்துகொள்ளும் ஒப்பந்தம். பெண் அவ்விடத்தில் இருக்க வேண்டியதில்லை. புகழ்பெற்ற நாவலர் டெமொஸ்தனிஸின் தந்தை இறக்குந் தறுவாயில், 5 வயது நிரம்பிய தம் மகளை டெமொபோன் என்னும் உறவினனுக்கு நிச்சயம் செய்து, சீதனமாக இரண்டு தாலந்து வெள்ளியையும் அப்பொழுதே ஒதுக்கினார். ஒரு தாலந்து 6000 திராக்மா. கைதேர்ந்த சிற்பியின் ஒருநாட் கூலி ஒரு திராக்மா என்பதை எண்ணின், அத்தொகையின் பெருமை விளங்கும்.

மணநாளின் மாலையில் மணமகளை வண்டியில் ஏற்றித் தீவட்டிகளோடும் பாடல்களோடும் கணவன் வீட்டுக்கு அழைத்துச் செல்வர். அங்கே அடுப்பின் அருகே அவளை இருத்தி, அத்திப்பழமும் கொட்டைகளும் தலைமேற் சொரிந்து வரவேற்பர். மங்கலமான சடங்குதான். எனினும் இதே சடங்கு வேறொருவருக்கும் அவ்வீட்டிலே செய்யப்பட்டது. விலைக்கு வாங்கிய புதிய அடிமை முதன்முதலாக வீட்டினுள் நுழையும்போது, அவனையும் அடுப்பருகே இருத்தி இவ்வாறே பழங்களைச் சொரிந்தனர். மனைவியும் அடிமையும் ஒன்றென்பது இதன் பொருளன்று. இருவரும் வெளியிலிருந்து வந்தவர். இருவரையும் அடுப்பே அக்குடிக்கு உரியவராக்கியது.

சட்டம் பெண்ணை என்றும் ஒரு காப்பாளனின் கீழேயே வைத்தது. மணத்துக்கு முன் தந்தை; பின் கணவன்; கணவன் இறந்தால் தந்தையோ மகனோ நெருங்கிய உறவினனோ காப்பாளன். ஒரு மெதிம்னஸ் வாற்கோதுமையின் பெறுமதிக்கு மேற்பட்ட கொடுக்கல் வாங்கலைப் பெண் தானாகச் செய்தல் செல்லாது. மெதிம்னஸ் என்பது ஏறக்குறைய 52 லீற்றர் கொண்ட முகத்தல் அளவை. நீதிமன்றத்திலே வழக்காடவும் அவளால் இயலாது.

சீதனம் மட்டும் அவளுக்கு ஓர் அரணாக நின்றது. கணவன் அதனைக் கையாளலாம். ஆனால் மணம் முறிந்தால் திருப்பிக் கொடுத்தே தீரவேண்டும். தாமதித்தால் ஆண்டுக்கு 100க்கு 18 வீதம் வட்டி. ஆகவே அற்ப காரணத்துக்காக மனைவியைத் தள்ளிவிட எண்ணியவன் பணப்பையை நினைந்து பொறுத்திருப்பான். உடன்பிறந்த ஆண் இல்லாத பெண்ணின் நிலையோ இரங்கத்தக்கது. தந்தை இறந்ததும், சொத்தோடு சேர்த்து அவளையும் தந்தைவழியில் மிக நெருங்கிய ஆண் உறவினன் மணத்துக்கு உரிமை கோரலாம். பாட்டனின் குடி அறாமற் பேரன் பிறக்க வேண்டும் என்பதே அவ்விதியின் உட்கருத்து. அவள் சொத்தின் உரிமைக்காரி அல்லள். சொத்து கடந்து செல்லும் பாலமே ஆவாள்.

கி.மு. 451ஆம் ஆண்டிலே பெரிக்கிளிஸ் ஒரு சட்டம் கொணர்ந்தான். தந்தை மட்டுமன்றித் தாயும் ஏதென்ஸ் குடியிற் பிறந்தவளாக இருந்தாலன்றி மகன் குடிமகன் ஆகான் என்பது அது. அவையிலே வாய்திறக்க இயலாத பெண் அவைக்கு ஆள் அனுப்பும் வாயில் ஆனாள். இச்சட்டம் இயற்றியவனையே வந்து தாக்கியது. பெரிக்கிளிஸ் பின்னாளில் மிலேட்டஸ் நகரத்தவளாகிய அஸ்பாசியாவோடு வாழ்ந்து ஒரு மகனைப் பெற்றான். முறைப்படி பிறந்த ஆண்மக்கள் இருவரும் கொள்ளைநோயில் மாண்டபின், இம்மகனுக்குக் குடியுரிமை அருளுமாறு மக்களையே வேண்டினான். மக்களும் இரங்கி வழங்கினர்.

இனி வீட்டைப் பார்ப்போம். ஆண்களின் பகுதி வேறு, பெண்களின் பகுதி வேறு என்று பழைய நூல்கள் கூறுவதைக் கொண்டு, கிரேக்கப் பெண்கள் பூட்டிய அறையிலே சிறையிருந்தனர் எனப் பலர் எழுதினர். ஆனால் நிலத்தைத் தோண்டியபோது வேறு காட்சி வெளிப்பட்டது. வடகிரேக்கத்திலே ஒலிந்தஸ் என்னும் நகரை மசிடோனிய அரசன் பிலிப்பு கி.மு. 348இல் அழித்தான். 1928 தொடக்கம் 1938 வரை அங்கே நடந்த அகழ்வுகளில் வீடுகள் பல அடியோடு வெளிப்பட்டன. தெருவிலிருந்து நுழைய ஒரு வாயில்; நடுவே திறந்த முற்றம்; அதனைச் சூழ அறைகள்; விருந்தினரோடு ஆடவர் மஞ்சங்களிற் சாய்ந்து உண்பதற்கென ஓர் அறை. அவ்வறையைத் தவிர வீடு முழுவதும் பெண்டிர் நடமாடி உழைத்த இடமாகவே தோன்றுகிறது. தறியில் நூலை இழுத்துப் பிடிக்கும் மண்குண்டுகள் பல அறைகளிலும் சிதறிக் கிடந்தன.

ஒரு கொலை வழக்கிலே யூபிலெட்டஸ் என்பவன் தன் வீட்டமைப்பை நடுவர்க்கு விவரித்த உரை லைசியாஸ் என்னும் வழக்குரை வல்லுநரின் நூல்களிலே கிடைக்கிறது. மேல்தளம் பெண்களுக்கும் கீழ்த்தளம் ஆண்களுக்குமாக இருந்தது. குழந்தை பிறந்தபின், அதனைக் கழுவுவதற்குத் தாய் ஏணிப்படி இறங்கி இடருறக் கூடாதென இடத்தை மாற்றிக்கொண்டனர். அவன் மேலே சென்றான், பெண்டிர் கீழே வந்தனர். வழக்கம் எத்துணை இறுக்கமாயினும், ஒரு குழந்தையின் அழுகைக்கு முன் அது நெகிழ்ந்துகொடுத்தது.

வீட்டுத் தலைவியின் கடமைகளை விரித்துரைப்பது செனபோன் எழுதிய 'ஒய்க்கொனொமிக்கஸ்' என்னும் நூல். அதிலே இஸ்கோமாக்கஸ் என்னும் செல்வன், 15 வயதும் நிரம்பாமல் தன்னிடம் வந்த மனைவியைத் தான் பழக்கிய விதத்தைச் சோக்கிரட்டீஸுக்குக் கூறுகிறான். இயன்றவரை குறைவாகப் பார்த்து, குறைவாகக் கேட்டு, குறைவாக வினவும்படி வளர்க்கப்பட்ட பெண் அவள். கம்பளியிலிருந்து மேலாடை நெய்யத் தெரியும். அவளைத் தேனீக்களின் அரசிக்கு ஒப்பிடுகிறான் கணவன். வெளியே போவோரை அனுப்புதல், உள்ளே வருவதை ஏற்று அளந்து வைத்தல், ஓராண்டுக்கு உரியதை ஒரு மாதத்தில் தீர்த்துவிடாமற் காத்தல், நூற்பும் நெசவும் கற்பித்தல், பிணியுற்ற அடிமைகளைப் பேணுதல் என்பன அவள் பணிகள். பினீசியக் கப்பல் ஒன்றிலே சிறு இடத்தில் எத்தனையோ பொருள்கள் ஒழுங்காய் அடுக்கப்பட்டிருந்ததைத் தான் கண்டதாகவும், வீடும் அவ்வாறு இருத்தல் வேண்டுமென்றும் அவன் போதிக்கிறான்.

இந்நூலிலே பேசுவோர் இருவரும் ஆடவர்; எழுதியவனும் ஆடவன். அப்பெண்ணின் சொற்கள் கணவன் வாயிலாகவே நம்மை அடைகின்றன. ஆயினும் ஒன்று தெளிவு. அவள் செய்தது அடுக்களை வேலை மட்டுமன்று; அது நிருவாகம். ஒரு பெரிய வீட்டின் வரவும் செலவும் இருப்பும் அவள் தலையிலேயே இருந்தன.

அவ்வுழைப்பின் பெறுமதியை ஆடவர் உணர்ந்த ஒரு தருணத்தையும் செனபோனே எழுதிவைத்துள்ளான். கி.மு. 404, 403ஆம் ஆண்டுகளில் ஏதென்ஸிலே உள்நாட்டுக் கலகம் மூண்டது. ஆண்கள் பலர் ஊரைவிட்டு நீங்க, அரிஸ்டார்க்கஸ் என்பவன் வீட்டிலே உறவுப் பெண்கள் அடைக்கலம் புகுந்தனர். நிலத்தில் விளைவில்லை, வீட்டுவாடகை இல்லை, கடன் தருவாருமில்லை. 14 பேருக்கு உணவளிக்க வழியறியாது அவன் கலங்கினான். அவர்களுக்கு நெய்யத் தெரியுமன்றோ, அத்தொழிலைச் செய்யவிடு என்றார் சோக்கிரட்டீஸ். உயர்குடிப் பெண்கள் கூலித்தொழில் செய்வதா என்று முதலில் தயங்கியவன், பின் கடன்பெற்றுக் கம்பளி வாங்கிக் கொடுத்தான். பெண்கள் உண்ணும்போதும் உழைத்தனர். வாட்டம் நீங்கி முகம் மலர்ந்தனர். முடிவில் அவர்களுக்கு இருந்த குறை ஒன்றே: வீட்டிலே உழையாது உண்பவன் அரிஸ்டார்க்கஸ் ஒருவன்தான் என்பது அது.

அடிமைகளைப் பேசாமல் இவ்வீட்டைப் பேசுதல் நேர்மையன்று. தானியம் அரைத்தவரும், ஊருணியில் நீர் மொண்டவரும், பிறர் குழந்தைக்குத் தாதியரானவரும் பெரும்பாலும் அடிமைப் பெண்கள். ஆண் அடிமைகளும் பெண் அடிமைகளும் தம் இசைவின்றிக் கூடி மக்களைப் பெறாதபடி இரு பகுதிகளுக்கும் இடையே தாழிட்ட கதவு இருந்ததென இஸ்கோமாக்கஸ் கூசாமல் கூறுகிறான். அடிமையின் சாட்சியம் சித்திரவதையின் கீழ்ப் பெறப்பட்டால் மட்டுமே நீதிமன்றத்தில் ஏற்கப்படும் என்பது அந்நாளைய விதி. குடிமகனின் விடுதலை இன்னொருவரின் தளையின்மேல் எழுப்பப்பட்டது என்பதை நாம் மறைத்தற்கில்லை.

வறியவர் வீட்டுப் பெண்களுக்கோ வீட்டினுள்ளே ஒதுங்கியிருத்தல் கைகூடாத ஒன்று. ஏழைகளின் மனைவியர் வெளியே செல்வதை எவ்வாறு தடுப்பது என்று அரிஸ்டோட்டிலே வினவுகிறார். கி.மு. 346, 345ஆம் ஆண்டுகளில் குடிப்பதிவேடுகள் மீளாய்வு செய்யப்பட்டபோது, யூக்சிதியஸ் என்பவன் பதிவிலிருந்து நீக்கப்பட்டான். அவன் தாய் சந்தையிலே நாடா விற்றவள், பிறர் குழந்தைக்குப் பாலூட்டியவள், ஆகவே ஏதென்ஸ்காரி அல்லள் என்பது அவன்மேற் சுமத்தப்பட்ட பழிகளுள் ஒன்று. வறுமையே அவளை அவ்வாறு செய்வித்தது; சந்தையில் உழைப்பதைச் சொல்லி ஆணையோ பெண்ணையோ இழித்துரைப்பது சட்டத்துக்கே விரோதம் என்று அவன் மறுமொழி கூறினான். தாயின் உழைப்பு இழிவன்று என்று ஒரு மகன் ஊரறியச் சொல்ல நேர்ந்த அவ்வழக்கு இன்றும் உள்ளத்தைத் தொடுவது.

வழிபாட்டிலே மட்டும் பெண்ணுக்குத் தனியிடம் இருந்தது. நகரின் காவற்றெய்வமாகிய அதீனாவின் பூசகி பெண்ணே; லைசிமாக்கே என்பவள் 64 ஆண்டுகள் அப்பதவியில் இருந்தாள். அத்தெய்வத்துக்கு விழாவிலே சாத்தும் ஆடையைப் பெண்களே நெய்தனர். தெமெத்தருக்கு இலையுதிர் காலத்தில் எடுக்கும் மூன்றுநாள் விழாவிலே ஆடவர் கலந்துகொள்ளல் ஆகாது. விளைச்சலும் மகப்பேறும் வேண்டி நாடு பெண்களின் கையையே எதிர்பார்த்து நின்ற நாட்கள் அவை.

கிரேக்கர் யாவரும் இப்படித்தான் வாழ்ந்தனர் என எண்ணுதல் தவறு. ஸ்பார்ட்டாவிலே பெண்கள் ஓடவும் மற்போர் புரியவும் பழகினர். நாட்டு நிலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு பெண்கள் கையில் இருந்ததென அரிஸ்டோட்டில் குறைகூறும் தொனியிலே குறிப்பிடுகிறார். அவ்வரச குலத்துக் கைனிஸ்காவின் குதிரைகள் கி.மு. 396இலும் 392இலும் ஒலிம்பியாவின் தேரோட்டத்தில் வென்றன. கிரீட் தீவின் கோர்ட்டின் நகரிலே கி.மு. 450 அளவில் சுவரிற் பொறித்த சட்டம், மகனுக்குரிய பங்கிற் பாதியை மகளுக்கு அளித்தது. மணம் முறிந்த பெண் தன் சொத்தையும், தான் நெய்ததிற் பாதியையும் கொண்டுசெல்லலாம் என்றது. ஆகவே ஏதென்ஸ் வகுத்த முறை இயற்கையின் கட்டளை அன்று. மனிதர் வகுத்த விதியே. கடலுக்கு அப்பால், அதே மொழி பேசிய மக்கள் வேறுவிதமாக வகுத்தனர்.

குடியாட்சியின் ஏதென்ஸ் பெண்ணிடம் வேண்டியது மௌனம். போரில் மாண்டவர்க்குப் பெரிக்கிளிஸ் நிகழ்த்திய இரங்கலுரையைத் துசிடைடிஸ் எழுதிவைத்துள்ளார். அதன் இறுதியிலே கைம்பெண்களை நோக்கி, புகழ்ச்சியாலோ இகழ்ச்சியாலோ ஆடவர் நாவில் மிகக் குறைவாக அடிபடுதலே உங்களுக்குப் பெருமை என்ற கருத்தை அத்தலைவன் கூறுகிறான். நீதிமன்ற உரைகளிலே உயிரோடிருக்கும் மதிப்புள்ள பெண்ணின் பெயரைச் சொல்லாது விடுதலே நாகரிகம். இன்னான் மகள், இன்னான் மனைவி என்பதோடு நிறுத்துவர்.

அம்மௌனம் ஒருநாள் கலைந்த வரலாற்றைக் கூறி இப்பேச்சை முடிப்பேன். டியோடோட்டஸ், டியோகெயிட்டன் என்போர் உடன்பிறந்தார். கடல் வாணிகத்திலே பெரும் பொருள் ஈட்டிய டியோடோட்டஸ் தமையனின் மகளையே மணந்தான். அவ்வழக்கம் அங்கே இருந்தது. ஆண்மக்கள் இருவரும் மகள் ஒருத்தியும் பிறந்தனர். போருக்கு அழைப்பு வந்தபோது, ஐந்து தாலந்து வெள்ளியைத் தமையனிடம் ஒப்படைத்து, கப்பல்களின் மேற் கடனாகக் கொடுத்த ஏழு தாலந்து 40 மினாவுக்கும் கணக்குக் காட்டினான். மினா என்பது 100 திராக்மா. கி.மு. 409இல் எபேசஸில் அவன் மாண்டான்.

தமையன் அச்செய்தியைச் சிலகாலம் தன் மகளுக்கே மறைத்து, முத்திரையிட்ட பத்திரங்களைக் கைப்பற்றிக்கொண்டான். பின் அவளை வேறொருவனுக்கு மணமுடித்தான். சீதனத்திலும் ஆயிரம் திராக்மா குறைத்தான். எட்டாம் ஆண்டு மூத்த பையன் பருவமடைந்ததும் இருவரையும் அழைத்து, உங்கள் தந்தை விட்டுச் சென்றது 20 மினா வெள்ளியும் 30 பொற்காசுமே; என் கைப்பொருளையும் செலவிட்டு உங்களை வளர்த்தேன்; இனி உங்கள் வழியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று வெளியே அனுப்பிவிட்டான். பிள்ளைகள் அழுதுகொண்டு தாயிடம் ஓடினர்.

தாய் தன் மருமகனிடம் சென்று உறவினரைக் கூட்டுமாறு மன்றாடினாள். ஆடவர் நடுவே பேசிப் பழக்கமில்லை. எனினும் எம் துயரின் மிகுதி பேசவைக்கிறது என்றாள். அவையிலே எதிரில் இருந்தவன் அவளைப் பெற்ற தந்தை. அவள் கதறவில்லை, கணக்கைப் பேசினாள். நீ பெற்றது ஐந்து தாலந்து. இதற்கு என் மக்கள்மேல் ஆணையாக நீ குறிக்கும் இடத்தில் வந்து சத்தியம் செய்வேன் என்றாள். ஒருமுறை வீடு மாறியபோது எறிந்துகிடந்த கணக்கேட்டைப் பிள்ளைகள் கண்டெடுத்துத் தாயிடம் கொடுத்திருந்தனர். அதைக் காட்டி, இன்ன கடனை வட்டியோடு மீட்டாய், இன்ன இடத்திலிருந்து ஆண்டுதோறும் தானியம் வந்தது என ஒவ்வொன்றாக எடுத்துரைத்தாள். நீ இன்று தந்தை விட்டதென்று காட்டும் 20 மினாவும் 30 பொற்காசும் என் கணவர் எனக்கென வைத்துச் சென்றவை. அவர் இறந்தபின் நானே உன் கையிற் கொடுத்தேன் என்றாள். மாற்றாந்தாய் வயிற்றுப் பிள்ளைகளைச் செல்வத்தில் வளர்த்து, உன் மகளின் பிள்ளைகளைக் கிழிந்த ஆடையோடும் செருப்பில்லாக் காலோடும் துரத்தினாயே என்றாள்.

கூடியிருந்தோர் எவருக்கும் நா எழவில்லை. கண்ணீர் மல்க எழுந்து மௌனமாகக் கலைந்தனர். பின் மருமகன் இதனை நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றான், கி.மு. 400 அளவில் அவனுக்காக லைசியாஸ் எழுதிய உரையின் பெரும்பகுதி நமக்குக் கிடைத்திருக்கிறது. அதிலே டியோகெயிட்டனின் கள்ளக்கணக்கு ஒன்றும் உண்டு: திருவிழாவுக்கு 16 திராக்மாவுக்கு ஓர் ஆட்டுக்குட்டியை வாங்கி, அதில் எட்டைப் பிள்ளைகளின் பெயரில் எழுதியிருந்தான். வழக்குமன்றத்தில் அப்பெண் நிற்கவில்லை, நிற்கவும் இயலாது. ஆனால் அங்கே எதிரொலித்தது அவள் குரலே. களஞ்சியம் காக்கும்படி பழக்கப்பட்டவள், அக்களஞ்சியத்தைத் திருடியவன் தந்தையே ஆயினும் கணக்குக் கேட்டாள். இல்லத்தில் அவள் கற்ற தொழிலே அவளுக்கு ஆயுதமாயிற்று.

நேயர்களே, ஏதென்ஸ் நகரத்துப் புதைகாட்டுக் கற்களிலே பெண்களின் பெயர்கள் தெளிவாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பணிப்பெண் ஏந்திய பேழையிலிருந்து அணிகலனை எடுத்துப் பார்க்கும் எகெசோவின் கல் இன்றும் ஏதென்ஸ் நூதனசாலையில் உண்டு. மகள்வயிற்றுப் பேரக் குழந்தையை மடியில் வைத்திருக்கும் அம்பரெத்தே என்னும் பாட்டியின் கல்லும் உண்டு. உயிரோடிருக்கையில் மறைத்த பெயரை இறந்தபின் கல்லிலே எழுதினர் அம்மக்கள். தந்தையிடம் கணக்குக் கேட்ட அத்தாயின் பெயரோ, அவள் நீதியை எடுத்துரைத்த அவ்வுரையில் ஓரிடத்தும் இல்லை. டியோகெயிட்டனின் பெயர் 2400 ஆண்டுகளாக நிற்கிறது. அவள் டியோகெயிட்டனின் மகள் என்றே நிற்கிறாள்.

கிரேக்கத்தின் பெருமையை நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டியதே. பினிக்ஸ் குன்றில் எழுந்த சொற்பொழிவுகளைக் கற்பிக்கும் அதே பாடவேளையில், அக்குன்றுக்கு ஏறிச் சென்றவனின் ஆடை எந்தத் தறியிலே நெய்யப்பட்டது என்பதையும் ஒருமுறை கேட்கச் செய்வோமாயின், அவர்கள் கற்பது முழு வரலாறாகும்.